வயிற்றுக்கும் ஓட்டம் பழக்கினோம்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நடு ரோட்டில் நின்று, ஊரே பார்க்க ஒரு டம்ளர் கஞ்சி குடித்தேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து விடியும் முன்பே கிளம்பி, வாணியம்பாடி தாண்டி, விண்ணமங்கலம் தாண்டி, ஆம்பூர் வரைக்கும் ஓடியே வந்திருந்தேன். காட்பாடி போய்ச் சேர இன்னும் பாதிக்கு மேல் பாக்கி.

டம்ளரை நீட்டியது பக்கத்து வீட்டு ஷமீம். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புர்காவின் முகத்துணியை மேலே தூக்கிவிட்டு, என் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சைக்கிளில் கூடவே வந்த என் கணவர் ஞானராஜ் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார். சுற்றிலும் கூட்டம். பூக்காரிகள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஷிப்ட் முடித்து வந்த, தோல் பதனிடும் டேனரி ஆட்கள்.

"குடிச்சிட்டா. இப்ப வாந்தி எடுப்பா பாரு" என்றான் ஒருவன். சத்தமாகவே சொன்னான்.

எனக்கு முன்னால் கார்டு சார் நின்றுகொண்டிருந்தார். அந்த ஓட்டத்தை நடத்தியவர் அவர். ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டி கார்டு. நெட்டையான மனிதர். கையில் இரண்டு கொடிகளைச் சுருட்டி வைத்திருந்தார்.

"சிஸ்டர், பேசுனபடி இதோட நிறுத்திக்கலாம். ஆம்பூர் வரைக்கும்தான்னு நீங்களும் ஒத்துக்கிட்டீங்க" என்றார்.

ஒத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்தக் கஞ்சி உள்ளே இறங்கி எங்கே போய் உட்காருகிறது என்பதையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தோல் லாரியில் வந்தவள்

ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்ததையும், கல்யாணத்துக்குப் பிறகும் விடிகாலையில் ஓடுவதை விடாததையும் முன்பே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "எதற்காக ஓடினீர்கள்?" என்று கேட்டிருந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வே லைன் வீட்டில் பிறந்த பிள்ளை நான். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக தண்டவாளத்தை ஒட்டியே ஓடிப் பழகினேன். அவர் போன பிறகும் கால் நிற்கவில்லை. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ரயில்வேக்காரர்கள் சிலர் சேர்ந்து ஜோலார்பேட்டையிலிருந்து காட்பாடி வரை ஓடப் போகிறார்கள் என்று அண்ணன் மூலம் தெரிந்ததும் நானும் போய் நின்றேன். அந்த முதல் வருஷம் விதி என்று எதுவும் இல்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. விதியே என்னால் வந்ததுதான்.

அன்று காலை ஐந்தாறு இட்லியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு, பாட்டில் நிறைய குளுக்கோஸ் கரைத்து எடுத்துக்கொண்டேன். நிறையப் போட்டால் நிறைய பலம் என்று நினைத்தேன். பாகு மாதிரி இருந்தது. ஆம்பூர் வரை தெம்பாகத்தான் ஓடினேன். மாதனூர் தாண்டும்போது வயிற்றுக்குள் ஏதோ அலம்பியது. பள்ளிகொண்டாவை நெருங்கும்போது குடித்ததெல்லாம் வெளியே வந்தது. பிறகு குடிக்காததும் வந்தது. கடைசியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்த வழியாக வந்தது ஒரு லாரி. வேலூர்ப் பக்கமிருந்து ஆம்பூர் டேனரிக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு போனது. டிரைவர் நல்ல மனிதர். கிளீனரைப் பின்னால் தோல் மேல் ஏறச் சொல்லிவிட்டு என்னை முன்சீட்டில் படுக்க வைத்தார். அந்த வாடையை எப்படிச் சொல்ல? ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

லாரி நேராக எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நான் வேலை பார்த்த வார்டிலேயே எனக்கு டிரிப் ஏற்றினார்கள். மேட்ரன் கட்டிலருகே வந்து, "இது இன்னொரு தடவை நடந்தா, ஓட்டமா வேலையான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதையும் தாங்கிக்கொண்டேன். என்னைப் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வந்த மாமியார் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் கையைத் தடவிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்.

"ஓடி ஓடித்தாம்மா உன் வயித்துல எதுவும் தங்க மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. அதற்கும் என் கால்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பின்னால் வேலூரில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு அது தெரியாது. நான் ஓடாமல் நின்றுவிட்டால் ஊர் சொல்வதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஆளுக்கொரு வைத்தியம்

அந்தக் காலத்தில் நீண்ட தூரம் ஓடுகிறவன் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஆனால் யோசனை சொல்லாத ஆளும் கிடையாது.

ஓடும்போது தண்ணீரே குடிக்கக் கூடாது, கால் கனத்துவிடும் என்றார் ஹவில்தார் ராஜமாணிக்கம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். முதல் வருஷம் காட்பாடிக்கு முதலாவதாகப் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். விடிகாலையில் பச்சை முட்டை, வாயில் ஒரு கூழாங்கல், அவ்வளவுதான் அவர் கணக்கு. நான் விழுந்த கதையைக் கேட்டு, "பொம்பளைங்க வயிறு இதுக்குத் தோதுப்படாதும்மா, வீட்ல இருந்து சமைச்சுப் போடுங்க" என்று சொல்லியனுப்பினார்.

கார்டு சார் கடுங்காப்பியும் வாழைப்பழமும் என்றார். சர்ச்சில் ஒருவர் பேரீச்சம்பழம் என்றார். என் கணவர் வேலை பார்த்த டேனரியில் ஒரு மேஸ்திரி ஆட்டுக்கால் சூப் என்றார். எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். சூப் குடித்துவிட்டு ஓடிய அன்று துத்திப்பட்டு ரோட்டில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

ஒருநாள் வார்டில், பேதியாகிச் சுருண்டு கிடந்த ஒரு குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டு நிறைய ஊற்றினால் கக்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் நிற்கும். சர்க்கரை ஜாஸ்தியானாலும் கெடுதல். உப்பு இல்லாமல் வெறும் இனிப்பு பிரயோஜனமில்லை. தினமும் கையால் செய்கிற வேலை. சாயங்காலத்துக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து அழுதது.

கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். பள்ளிகொண்டா புளியமரத்தடியில் கிடந்த என்னை நானே ஒரு நோயாளியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஷமீம் வீட்டுக் கஞ்சி

உப்புச் சர்க்கரைத் தண்ணீர் வயிற்றில் நின்றது. ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடியபின் வெறும் தண்ணீர் போதவில்லை. கண் இருட்டியது. ஏதாவது சாப்பாடு வேண்டும். மெல்லாமல் இறங்க வேண்டும், குமட்டக் கூடாது.

இதை ஷமீமிடம் புலம்பினேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளுக்கும் என் வயதுதான். அவள் கணவர் கபூர் பாய் டேனரியில் வேன் ஓட்டினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, தொளதொளவென்று ஒரு வெள்ளை சல்வார் கமீஸ் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். "உனக்கு வெக்கமில்ல, பாக்குற எனக்குத்தான் பேஜாராகீது" என்றாள் அளவு எடுக்கும்போது.

நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசித்தாள்.

"நோன்பு அன்னிக்கு நாளெல்லாம் காஞ்சி கெடக்குற வயிறு. அப்ப பிரியாணி வச்சா ஏத்துக்குமா? ஏத்துக்காது. கஞ்சிதான் ஏத்துக்கும். உன் வயிறும் அப்படித்தானே கெடக்குது?"

"நோன்புக் கஞ்சியா? ஓடிக்கிட்டே எப்படி ஷமீம்?"

"ஏன், நின்னுக்கிட்டே குடி. ஓடிக்கிட்டே குடிக்கச் சொல்லி யாரு அடிச்சாங்க?"

மறுநாளே வைத்தாள். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால். வழக்கமாகப் போடும் கொத்துக்கறியும் பட்டை கிராம்பும் வேண்டாம் என்றேன். முதல் தடவை இஞ்சி ஜாஸ்தி, நெஞ்சு எரிந்தது. அடுத்த தடவை கெட்டியாக இருந்தது, கல்லாக உட்கார்ந்தது. வடிகட்டினாள். உப்பை நான் கூட்டச் சொன்னேன், அவள் முகம் சுளித்தாள். "இதை மனுஷன் குடிப்பானா?" என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினாள். வேர்த்து விறுவிறுத்து வரும் நாக்குக்கு அந்த உப்புதான் அமிர்தம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்.

ரம்ஜான் இல்லாத மாதத்தில் தினமும் நோன்புக் கஞ்சி வாசம் வருவதைப் பார்த்து எங்கள் தெருவே குழம்பிப் போனது.

அரை மணிக்கு ஒரு முறை அரை டம்ளர். பசித்தாலும் அவ்வளவுதான், பசிக்காவிட்டாலும் அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்கக் கக்கினேன். வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, வாயைத் துடைக்கத் துண்டைக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டாம் மாதம் பாதி தங்கியது. மழைக்காலம் முடியும்போது, கஞ்சி குடித்த கையோடு ஓடினாலும் உள்ளே அலம்பவில்லை.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வயிற்றுக்கும் கொடுக்கலாம் என்பதை நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்.

நாற்றத்தில் ஒரு பரீட்சை

எங்கள் ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் எந்த இடம் என்று சொல்லிவிடுவேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை குவித்திருக்கும் இடத்தில் கஷாய வாசம். தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் மூக்கு எரியும். பச்சைத் தோல் இறக்கும் கொட்டகை தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

என் கணவர் ஒருநாள் அந்தக் கொட்டகைக்கு எதிரிலேயே சைக்கிளை நிறுத்தினார்.

"இங்கயே குடி" என்றார்.

"இங்கயா? கொஞ்சம் தள்ளிப் போலாங்க."

"இங்க குடிச்சு உள்ள நின்னுச்சுன்னா, அப்புறம் உலகத்துல எங்க குடிச்சாலும் நிக்கும்."

அவர் ஜோக் அடிக்கிறவர் அல்ல. குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கஞ்சி வரவில்லை. உள்ளே லோடு இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும். தோல் லாரி சிஸ்டர் என்று எனக்குப் பெயர் வைத்தவர்களே அவர்கள்தான்.

ஷூவும் அவர் ஏற்பாடுதான். கடையில் வாங்கிய கேன்வாஸ் ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியது. டேனரியில் கழித்துப் போட்ட மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, ஷூவுக்குள் லைனிங் வைத்துத் தைக்கச் செய்தார். தோல் வேலை பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு கால் தோல் உரிய ஓடலாமா என்பது அவர் வாதம். பேச்சு குறைவு அவருக்கு. இரவு சாப்பிட்டபின் அந்த ஷூக்களைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டு, மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

பச்சைக்கொடி

அடுத்த தை வந்தது. கார்டு சார் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் ஆம்பூர் வரைதான் என்று விதி போட்டிருந்தார். பெண்கள் என்றால் நான் ஒருத்திதான். "போன தடவை உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் உங்க வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். அதில் நியாயம் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேனில் கஞ்சியை எடுத்துக்கொண்டு யார் வருவது என்று பேச்சு வந்தது. கபூர் பாய் ஓட்டுவதாகச் சொன்னார். "சூடு பார்த்து, உப்பு பார்த்து ஊத்திக் குடுக்க எனக்குத் தெரியாது. நீயே வா" என்றார் மனைவியிடம். ஷமீம் அதற்கு முன் வேலூருக்கே இரண்டொரு தடவைதான் போயிருந்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

இப்படித்தான் நாங்கள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் வந்து நின்றோம்.

கஞ்சி இறங்கிவிட்டது. வயிறு அமைதியாக இருந்தது. காலில் வலி இருந்தது, ஆனால் அது தெரிந்த வலி.

"சார், உங்க கையில வாட்ச் இருக்குல்ல. என் பல்ஸ் பாருங்க" என்று மணிக்கட்டை நீட்டினேன்.

"எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதே சிஸ்டர்."

"நான் சொல்லித் தர்றேன். இங்க விரல வையுங்க. துடிக்குதா? எண்ணுங்க."

நடு ரோட்டில் கூட்டம் சூழ்ந்து நிற்க, ஒரு ரயில்வே கார்டு என் நாடியைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்னோடதே இதைவிட வேகமாத்தான் அடிக்குது போல" என்றார்.

"போன வருஷம் பள்ளிகொண்டா கிட்ட நான் என்ன பேசறேன்னு எனக்கே தெரியல சார். இப்ப உங்களுக்குப் பாடம் நடத்திட்டிருக்கேன். நானே நர்ஸு. எனக்கு ஆபத்துன்னா முதல்ல எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சா நின்னுடுவேன்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர், "அவளைக் கேளுங்க சார், என்னைக் கேட்டு இன்னா ஆகப் போவுது" என்றார்.

கார்டு சார் கொஞ்ச நேரம் காட்பாடிப் பக்கம் போகும் ரோட்டையே பார்த்தார். பிறகு கையிலிருந்த கொடிகளில் ஒன்றை அவிழ்த்தார். எந்த நிறம் என்று பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கூட்டத்திலிருந்து விசில் பறந்தபோதுதான் நிமிர்ந்தேன். பச்சை. வண்டியை அனுப்புகிற மாதிரியே கையை நீட்டி, நிதானமாக அசைத்தார்.

அங்கிருந்து மாதனூர் வரை நான் ஓடிய ஓட்டம் என் ஆயுசிலேயே நல்ல ஓட்டம். கால் தரையில் பட்டதா என்றே ஞாபகமில்லை.

புளித்துப்போன ஃபிளாஸ்க்

மாதனூர் தாண்டி வேன் முன்னால் போய் நின்றிருந்தது. ஷமீம் டம்ளரோடு இறங்கி நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. வேனுக்குள் ஒவ்வொரு ஃபிளாஸ்க்காகத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, புளிச்சுப் போச்சு. எல்லாமே" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது முகம்.

நாங்கள் பழகியதெல்லாம் விடிகாலையிலும் காலையிலும்தான். உச்சி வெயில் வரை ஃபிளாஸ்க்கில் அடைத்து வைத்தால் தேங்காய்ப்பால் என்ன ஆகும் என்று இருவருமே யோசிக்கவில்லை. அத்தனை மாதப் பழக்கமும் அங்கேயே ரோட்டோரப் புழுதியில் கொட்டப்பட்டது.

உப்புச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஓடினேன். நிற்கக் கூடாது, நின்றால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும். மெல்ல மெல்ல வேகம் விழுந்தது. போன வருஷம் நான் கிடந்த புளியமரம் வந்தது. அதைப் பார்க்காமல் தாண்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பார்த்தேன். நிழல் ஜில்லென்று விழுந்திருந்தது. கண்ணில் கொஞ்சம் இருட்டு வந்து போனது.

"ஸ்டெல்லா, போதும்னா சொல்லு" என்றார் என் கணவர் சைக்கிளிலிருந்து.

"பேசாதீங்க" என்றேன்.

அதே நேரம் வேனில் நடந்ததைப் பின்னால் ஷமீம் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். ஆனால் அடிப்படை இதுதான்.

பள்ளிகொண்டாவில் வேனை நிறுத்தச் சொன்னாள். கபூர் பாய் டீக்கடையில் ஏதாவது வாங்கி வரட்டுமா என்றார். டீக்கடையில் என்ன கிடைக்கும், பன்னும் வடையும். இவள் இறங்கிவிட்டாள். முன்பின் தெரியாத ஊர், தெரியாத தெரு. புகை வந்துகொண்டிருந்த முதல் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டாள்.

"யக்கா, சோறு வடிச்ச கஞ்சி கீதா?"

உள்ளிருந்து எட்டிப் பார்த்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டுக்கு வைக்கும் கஞ்சியை, புர்கா போட்ட ஒரு பெண் வேனில் வந்து இறங்கிக் கேட்கிறாள்.

"யாருக்கும்மா?"

"ஜோலார்பேட்டைலேர்ந்து ஒரு பொம்பள ஓடி வர்றா யக்கா. காட்பாடி வரைக்கும் போவணும். வயித்துல ஒண்ணுமில்ல."

"எதுக்கு ஓடி வர்றா? யாரு தொரத்துறாங்க?"

"யாரும் தொரத்தல யக்கா. அவளாவேதான் ஓடுறா."

அந்த அம்மாள் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பானையிலிருந்து சூடாக வடித்துக் கொடுத்தார். கல் உப்பைத் தானே அள்ளிப் போட்டார். வெல்லம் ஒரு கட்டி நசுக்கிப் போட்டார். பக்கத்து வீட்டிலும் சோறு வடிக்கிற நேரம் என்று அங்கேயும் போய்க் கேட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவில் எல்லா வீட்டிலும் சோறு வெந்துகொண்டிருந்தது. ஷமீமின் ஃபிளாஸ்க்குகளைக் கழுவி நிறைத்துக் கொடுத்தார்கள்.

நான் பள்ளிகொண்டாவுக்குள் தள்ளாடி நுழைந்தபோது ரோட்டோரத்தில் பெண்கள் ஒரு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கையில் கரண்டியோடு வந்திருந்தார் ஒரு அம்மாள். ஷமீம் அவர்கள் நடுவில் நின்று டம்ளரை நீட்டினாள்.

கொழகொழவென்று, இளஞ்சூடாக, உப்பும் வெல்லமும் சேர்ந்த ஒரு ருசி. பயந்துகொண்டே விழுங்கினேன். எல்லோரும் என் தொண்டையையே பார்த்தார்கள். இறங்கியது. நின்றது. இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"தங்கிச்சா?" என்று கேட்டார் கரண்டி வைத்திருந்தவர்.

"தங்கிடுச்சுக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. ஏனென்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. முதுகில் தட்டி, "அப்ப போ, நிக்காத" என்றார்.

பொய்கை ரோட்டில் ஹவில்தார்

கால் மணியில் இருட்டு விலகியது. இன்னொரு அரை டம்ளருக்குப் பிறகு கால்கள் திரும்பக் கிடைத்தன. கிளம்பிய ஆண்களில் பலர் வழியிலேயே நின்றுவிட்டார்கள் என்று கார்டு சார் ஜீப்பில் கடந்து போகும்போது சொன்னார். எனக்கு முன்னால் ஹவில்தார் ஒருவர்தான் போய்க்கொண்டிருந்தார்.

பொய்கை அருகே அவரைப் பார்த்தேன். மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கெண்டைச் சதை இரண்டும் முடிச்சுப் போட்ட மாதிரி இழுத்திருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

என்னைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் நிற்கவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு அப்படித் தாண்டிப் போகத் தெரியாது. அவரை உட்காரவைத்து, காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை மேலே மடக்கினேன். ஷமீம் டம்ளரைக் கொண்டு வந்தாள்.

"தண்ணி வேணாம்மா, கால் கனத்துடும்" என்றார் அந்த நிலையிலும்.

"இது தண்ணி இல்ல சார், கஞ்சி. கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. உப்பு ஜாஸ்தியா இருக்கும், முகத்தைச் சுளிக்காதீங்க."

குடித்தார். காலி டம்ளரைத் திரும்ப நீட்டினார். இன்னொரு டம்ளர் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "மெதுவா எழுந்து வாங்க சார், நான் முன்னாடி போறேன்" என்றேன்.

சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

காட்பாடி

வேலூருக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கோட்டை அகழியை ஒட்டி ஓடும்போது, வாக்கிங் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்பது எப்படியோ ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டு ரிக்‌ஷாக்காரர்கள் மணி அடித்தார்கள். கபூர் பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் கணவர் சைக்கிளில் என் பக்கத்திலேயே வந்தார். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. காற்று என்றார்.

பாலம் நீளமான பாலம். கீழே ஆறு முழுக்க மணல். மாலை வெளிச்சத்தில் அந்த மணல் அவ்வளவு அழகாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தொடை இரண்டும் எரிந்தன. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல் வந்தது. ஆனால் வயிறு சும்மா இருந்தது.

விருதம்பட்டு தாண்டி, காட்பாடி ஸ்டேஷன் கட்டடம் தெரியும்போது கூட்டத்தின் சத்தம் கேட்டது. ரயில்வே ஆட்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வருவது ஹவில்தார் என்று நினைத்திருந்தவர்கள், சல்வார் போட்ட ஒரு பெண் வருவதைப் பார்த்துக் கயிற்றைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் விழித்தார்கள். கார்டு சார் ஜீப்பிலிருந்து, "பிடிய்யா, அவங்களுக்குத்தான்யா கயிறு!" என்று கத்தினார்.

ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. வேன் நகர முடியவில்லை. அப்போது பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஷமீம் குதித்து இறங்கினாள். ஒரு கையில் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் காலி டம்ளரோடு, செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓடியதே இல்லை. என் பக்கத்தில் வந்துவிட்டாள். நான் கையை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே கயிற்றில் மோதினோம்.

நான் நின்றேன். அவள் முழங்காலைப் பிடித்துக் குனிந்துவிட்டாள். மூச்சு வாங்கி வாங்கி, முகம் சிவந்து, ஒரு வார்த்தை பேச அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"காலைலேர்ந்து... இதையாடி... பண்ணிக்னு இருந்தே?"

கூட்டம் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சிரிக்க எனக்கு மூச்சு இருந்தது.